அல்பிரெட் சுலோன்: அணியும் எண்ணும்

பொன்னின் மாற்றை உரைகல்லிலே தேய்த்து அறிவர் பொற்கொல்லர். முத்தின் நீரோட்டத்தை ஒளியிலே பிடித்துக் காண்பர் வணிகர். மோட்டார் வண்டி ஒன்றின் தரத்தையோ, அதன் விலாப்புறத்திற் பதித்த வெள்ளிக் கம்பியைக் கொண்டு துணியும் வழக்கம் அமெரிக்க நாட்டிலே இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இரு வண்டிகள் அருகருகே நிற்கும். அவற்றுள் ஒன்று சிக்கன வண்டியென்றும், மற்றையது சீமான் வண்டியென்றும் தெருவழிச் செல்வோர் ஒரே நோக்கில் அறிவர். இவ்வேறுபாட்டை ஒரு முறைமையாக வகுத்தவர் ஓவியரல்லர், கலைஞருமல்லர். கணக்கேட்டிலே கண் பதித்து வாழ்ந்த அல்பிரெட் பிறிச்சாட் சுலோன் என்பவரே அவர். அவருடைய வரலாறு வணிகம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, புறத்தோற்றத்துக்கும் அகவுண்மைக்கும் உள்ள உறவை ஆராய்வார் எவர்க்கும் பயன் தருவதாகும்.

இளமையும் கல்வியும்

சுலோன் 1875 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள், கனெற்றிக்கட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிற் பிறந்தார். தந்தையார் தேயிலை, கோப்பி, சுருட்டு ஆகியவற்றை மொத்தமாக விற்கும் வணிகர். மகனுக்குப் பத்து வயதானபோது குடும்பம் நியூயோர்க்கைச் சார்ந்த புறூக்லினுக்குக் குடிபெயர்ந்தது. கணிதத்திலே கூர்மையும் உழைப்பிலே சலியாமையும் வாய்த்த இளைஞர், மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் சேர்ந்து, 1895 இல் மின்பொறியியலிற் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர்க்குக் கிடைத்த உத்தியோகமோ மிக எளியது. நியூ ஜேர்சி மாநிலத்திலே ஹயற் என்னும் சிறு கம்பனியில், மாதம் 50 டொலர் சம்பளத்துக்குப் படம் வரைபவராக அமர்ந்தார். சில்லுகளும் அச்சுக்களும் உராய்வின்றிச் சுழல உதவும் உருளைகளை, வேலைத்தலத்தார் பெயறிங் என வழங்குவனவற்றை, அக்கம்பனி செய்து வந்தது. 1898 இல் அது மூடப்படும் நிலையை எய்தியது. சுலோனின் தந்தையாரும் வேறொருவரும் 5,000 டொலர் இட்டு அதனைத் தாங்கினர். பொறுப்பு இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு மாதங்களுள் அது 12,000 டொலர் இலாபம் காட்டியது.

அக்காலத்தே அவர் பெற்ற ஒரு பாடம் அவர் வாழ்நாள் முழுவதும் உடனிருந்தது. கடிலாக் வண்டிகளைச் செய்த ஹென்றி லீலண்ட் என்னும் முதியவர், ஹயற் உருளைகள் ஒன்றற்கொன்று நுண்ணளவில் வேறுபடுதலை அளவுகோல் கொண்டு காட்டி, அவற்றை ஏற்க மறுத்தார். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றியவை அளவுக்கு ஒன்றாகவில்லை. கண்ணை நம்பாது அளவை நம்பவேண்டும் என்னும் தெளிவோடு சுலோன் தம் வேலைத்தலத்துக்குத் திரும்பினார்.

பெருங்கம்பனியின் தலைமை

1916 இல் வில்லியம் டூரன்ட் என்னும் துணிகர வணிகர் ஹயற் கம்பனியை 135 இலட்சம் டொலருக்கு வாங்கினார். 1918 இல் அது ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் பெருங்கம்பனியோடு இணைந்தது. சுலோன் அதன் உபதலைவருள் ஒருவரானார். டூரன்டோ கம்பனிகளை வாங்கிக் குவிப்பதில் வல்லவர். குவித்தவற்றை ஒழுங்குபடுத்துவதில் நாட்டமில்லாதவர். சீர்திருத்தத் திட்டமொன்றைச் சுலோன் எழுதிக் கொடுத்தார். அது கிடப்பிலே கிடந்தது. மனம் சலித்த அவர், 1920 இல் விடுமுறை பெற்று ஐரோப்பா சென்றார். விலகிவிடுவதே தக்கதென எண்ணிய அந்நாளில் இலண்டனிலே ரோல்ஸ் றோய்ஸ் வண்டியொன்றுக்கு ஆணையிட்டார். அதனைப் பெறாமலே ஊர் திரும்பினார். அவ்வாண்டு எழுந்த பொருளாதார வீழ்ச்சியில் டூரன்ட் பதவியிழந்தார். பியர் டூபொன்ட் தலைவரானார். கிடப்பிற் கிடந்த திட்டம் செயலுக்கு வந்தது. 1923 இல் சுலோனே தலைவர் பதவியை ஏற்றார்.

ஏணி அமைத்தல்

1921 இல் அமெரிக்காவில் விற்ற வண்டிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 60 ஹென்றி போர்ட்டினுடையவை. ஜெனரல் மோட்டோர்ஸின் மலிவு வண்டியாகிய செவ்ரோலே நூற்றுக்கு ஏறத்தாழ 4 மட்டுமே. போர்ட்டின் கொள்கை ஒரே வகை வண்டி, ஆண்டுதோறும் குறையும் விலை என்பது. 1914 முதல் 1925 வரை அவ்வண்டி கறுப்பு நிறம் ஒன்றிலேயே வந்தது. விலையிற் போர்ட்டை வெல்ல இயலாதென்பதைச் சுலோன் உணர்ந்தார். எனவே, போட்டியின் களத்தையே மாற்றினார்.

450 டொலர் தொடக்கம் 3,500 டொலர் வரையுள்ள விலைப்பரப்பை அவர் ஆறு படிகளாக வகுத்தார். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பெரு வெளியும் இருத்தலாகாது. ஒன்றையொன்று விழுங்கும் நெருக்கமும் ஆகாது. நாளடைவில் அந்த ஏணி செவ்ரோலே, பொன்ரியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூயிக், கடிலாக் எனப் பெயர்கொண்டு நின்றது. உழைப்பாளி செவ்ரோலேயில் ஏறுவான். ஊதியம் உயரப் பொன்ரியாக்குக்கு மாறுவான். முதுமையிற் கடிலாக்கைக் கனவு காண்பான். கையிற் பணமில்லாதார்க்குத் தவணைக் கடன் வழங்கும் துணைக்கம்பனி 1919 முதலே இருந்தது.

இவ்வேணியின் உள்ளமைப்பை உற்று நோக்கல் வேண்டும். 1926 இல் வந்த பொன்ரியாக், செவ்ரோலேயின் உடற்பாகங்கள் பலவற்றைத் தனதாக்கி, ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தாங்கி வந்தது. ஒரே எலும்புக்கூட்டைப் பல வண்டிகள் பகிரும்போது செலவு குறையும். அவற்றை வேறுபடுத்துவதோ நிறம், துணி, உலோகப் பூச்சு முதலிய அணியின் கடமையாயிற்று. 1924 ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் வண்டி, டூக்கோ என்னும் விரைந்துலரும் புதுவகைப் பூச்சினால் நீலநிறம் பெற்று வந்தது. கறுப்பின் ஆட்சி தளர்ந்தது. 1927 இல் போர்ட் தம் பழைய மாதிரியை நிறுத்த நேர்ந்தது.

அதே 1927 இல் சுலோன் ஹார்லி ஏர்ல் என்பவரை அழைத்துக் கலையும் வண்ணமும் என்னும் பிரிவை நிறுவினார். ஏர்ல், லொஸ் ஏஞ்சலிசில் வண்டி செய்வோர் குடும்பத்திலே 1893 இற் பிறந்தவர். திரைப்பட நடிகர்க்கு ஏற்ப வண்டிகளை அலங்கரித்துப் பழகியவர். களிமண்ணால் வண்டியின் உருவத்தைச் சமைத்துப் பார்ப்பது அவர் முறை. பழைய பொறியியலாளர் அப்பிரிவை அழகு நிலையம் என்று எள்ளி நகைத்தனர். சுலோன் அந்நகைப்பைப் பொருட்படுத்தினாரல்லர். ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றுவதால், சென்ற ஆண்டின் வண்டி உழைக்கும் வலியிருந்தும் பழையதாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். மனிதர்க்கு உள்ளதில் நிறைவின்மையை ஊட்டி வளர்த்த வணிகம் இது என்று அவரைக் குறைகூறுவோர் உரைப்பர். அக்குறையை முற்றாக மறுத்தல் அரிது.

ஏணியின் நிழல்

1929 இல் கடிலாக், லா சால் ஆகிய உயர்ந்த வண்டிகள், உடைந்தாலும் சிதறாத காப்புக் கண்ணாடியைப் பெற்றன. டூபொன்ட் கம்பனித் தலைவர் லம்மொட் டூபொன்ட், செவ்ரோலேக்கும் அதனை இடலாமே என்று கடிதமெழுதினார். இலாபம் குறையுமென்பதை முதற்காரணமாகக் காட்டிச் சுலோன் உடன்பட மறுத்தார். போர்ட் வண்டிகள் அதற்கு முன்னரே அத்தகைய முகக்கண்ணாடியைப் பூண்டிருந்தன. பூச்சும் பொலிவும் ஏணியின் கீழ்ப்படிக்கு ஆண்டுதோறும் இறங்கி வந்தன. உயிர்க்காப்போ மேற்படியிலேயே நின்றுவிட்டது. அணியின் தரத்தை வகுத்தவர் உயிரின் தரத்தையும் அவ்வாறே வகுத்தார் என்னும் பழி இக்கடிதங்களால் அவரைச் சார்ந்தது.

1936 டிசெம்பர் 30 ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரிலே தொழிலாளர் வேலைத்தலங்களுள் அமர்ந்தவாறே வேலைநிறுத்தம் தொடங்கினர். கட்டடங்களைக் காலி செய்யாதவரை பேச்சில்லை எனச் சுலோன் உறுதியாக நின்றார். தொழில் அமைச்சராக விளங்கிய பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையாரின் கடுஞ்சினத்துக்கும் ஆளானார். 1937 பெப்புருவரி 11 இல் கம்பனி தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. மனிதரையும் எண்களாகவே காணப் பழகியவர்க்கு, எண்கள் எழுந்து அமர்ந்து உரிமை கேட்பது விளங்காமற் போயிற்று. அவ்வாண்டே அவர் தலைவர் பதவியை விட்டு நிருவாக சபையின் தலைமையை ஏற்றார். 1956 இல் அதனின்றும் ஓய்வு பெற்றார்.

அணி அறிதல்

அவர் ஓய்வு பெற்ற காலை, ஏணி ஒவ்வொரு படிக்குள்ளும் மேலும் சிறு படிகளாகக் கிளைத்திருந்தது. வணிகர் இதனை ட்ரிம் என்பர். நாம் அணித்தரம் எனலாம். பழைய அமெரிக்க வண்டிகளை வாங்குவோர் இன்று முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவே. 1957 ஆம் ஆண்டுச் செவ்ரோலேயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அது 150, 210, பெல் எயர் என மூன்று தரமாக வந்தது. 150 என்பது கடைநிலை. பக்கத்தில் மெலிந்த கம்பியும், தளத்தில் இறப்பர் விரிப்பும் உடையது. 210 இடைநிலை; பின்பக்கத்தில் இரு கம்பிகள் விரிந்து செல்லும்; அவற்றின் நடுவிடம் வண்ணப்பூச்சு மட்டுமே பெறும். பெல் எயர் தலைநிலை; அந்நடுவிடத்தை வரிவரியான அலுமினியத் தகடு நிறைக்கும்; முன்வலை பொன்னிறம் பெறும்; தளத்திற் கம்பளம் விரிக்கப்பட்டிருக்கும். எட்டுச் சிலிண்டர் வண்டியின் பொனற்றின் மேல் வீ என்ற எழுத்து உருவம் இருக்கும்; பெல் எயரில் அது பொன்னிறமானது.

மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. எனவே, 210 வண்டிக்கு அலுமினியத் தகடும் பொன்னிற வலையும் பூட்டிப் பெல் எயராக விற்பது கடினமன்று. புதிதாகச் செய்த அணிப்பாகங்களும் சந்தையில் எளிதிற் கிடைக்கின்றன. ஆதலின் அணியைக் கண்டு மயங்காது எண்ணை நாடல் வேண்டும். இடப்புற முன்கதவைத் திறந்தால், பிணைச்சல் பூட்டிய தூணிலே ஒரு சிறு தகடு காணப்படும். அதில் 57 என்ற ஆண்டெண்ணுக்கு முன்னுள்ள எழுத்து ஏ ஆயின் 150. பீ ஆயின் 210. சீ ஆயின் பெல் எயர். அவ்வெழுத்துக்கு முன் வீ இருப்பின், வண்டி எட்டுச் சிலிண்டர் எஞ்சினோடு பிறந்தது. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னுள்ள சுவரில் வேறொரு தகடு உண்டு. உடலமைப்பு, உள்துணி, பூச்சு ஆகியவற்றின் குறியீடுகளை அது கூறும். இரு தகடுகளும் ஒன்றோடொன்று இசைதல் வேண்டும். அவ்வாண்டிற் கூரை மடக்கும் செவ்ரோலே பெல் எயர் தரத்தில் மட்டுமே வந்தது. ஆகவே, கூரை மடங்கும் வண்டியொன்று பீ என்ற எழுத்தைக் காட்டுமாயின், அதன் கூரை பின்னர் அறுக்கப்பட்டதென ஐயுறலாம்.

பெயரும் நிலையாகத் தன் தரத்தைக் காப்பதில்லை. 1957 இல் தலைநிலை நின்ற பெல் எயர், 1959 இல் இம்பாலாவுக்குக் கீழே இடைநிலைக்கு இறங்கியது. 1972 இன் பின்னர் அதுவே கடைநிலையாயிற்று. ஆண்டறியாது பெயரை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். எண்ணும் எப்போதும் முழுவுண்மை கூறாது. செவெல் வண்டியின் எஸ்.எஸ். வகை 1966 முதல் 1968 வரை தனித் தொடராக இருந்தமையால், அதன் எண் 138 எனத் தொடங்கும். 1969 முதல் அது விரும்பினோர் கேட்டுப் பெறும் சேர்க்கை ஆனமையால், வண்டி எண் அதனைக் காட்டிக் கொடுக்காது. தொழிற்சாலைத் தாளும் முதற் கொள்வனவுப் பத்திரமும் இருப்பின் மட்டுமே அதற்குரிய உயர்விலையைக் கொடுக்கலாம்.

முடிவு

சுலோன் தம்மளவில் அணி விரும்பாதவர். டெற்றோயிற் நகரில் தங்கும்போது கம்பனிக் கட்டடத்திலேயே ஓர் எளிய அறையில் உறங்குவார். மக்கட்பேறில்லை. மனைவியார் ஐரீன் 1956 இல் மறைந்தார். முதுமையிற் செவிப்புலன் குன்றியது. 1934 இல் அவர் நிறுவிய அறநிதியம் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பெரும்பொருள் வழங்கியது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கென 1945 இல் எழுந்த நிலையம் அவர் பெயரையும் கெற்றறிங் என்னும் பொறியியலாளர் பெயரையும் தாங்கியது. 1966 பெப்புருவரி 17 இல், தமது 90 ஆவது வயதில், அவர் நியூயோர்க்கிற் காலமானார்.

அவர் நாட்டிய ஏணியின் படிகளுள் ஓல்ட்ஸ்மொபீல் 2004 இலும் பொன்ரியாக் 2010 இலும் ஒழிந்தன. அவர் கற்பித்த பார்வையோ ஒழியவில்லை. பழைய வண்டியொன்றைச் சூழ்ந்து நிற்போர், அதன் வெள்ளிக் கம்பியையே இன்றும் முதலில் நோக்குகின்றனர். ஆயினும், அறிந்து வாங்குவோன் அங்கே நிற்பதில்லை. லீலண்ட் என்னும் முதியவர் இளம் சுலோனுக்குக் காட்டிய நெறியிலே, கதவைத் திறந்து, குனிந்து, துருவைத் துடைத்து, அந்தச் சிறு தகட்டின் எழுத்தை வாசிக்கின்றான்.