சின்னக் கருப்பன் கற்பித்த பாடம்

பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளக் கதிர் முற்றத் தொடங்கினால், இரவுக் காவலும் தொடங்கிவிடும். காட்டுப்பன்றியின் வரவை முதலில் உணர்வது காவலுக்கு வந்தவர் அல்லர். அவரது காலடியில் சுருண்டு கிடக்கும் நாய்தான். கிழக்கே, அரியலூரின் சிமென்ட் ஆலைகளைச் சுற்றி எழுந்துள்ள புதிய குடியிருப்புகளில் காட்சி வேறு. அங்கே இரும்புக் கதவுக்குப் பின்னால், மடியில் அடங்கும் அளவிலான சிறிய நாய் ஒன்று போவோர் வருவோரைப் பார்த்து ஓயாமல் குரைத்துக்கொண்டிருக்கும்.

வயலானாலும் வீடானாலும், நாய் வளர்க்கத் தொடங்குவோர் கேட்கும் முதல் அறிவுரை ஒன்றே. தலைவன் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். இல்லையேல் நாய் தலைக்கு மேல் ஏறிவிடும் என்பதே அது. அதற்கான கருவிகளாகச் சொல்லப்படுபவை அதட்டல், கட்டுச்சங்கிலி, கைக்கு எட்டும் ஒரு குச்சி. தலைமை என்றால் என்ன, ஒழுங்கு எதனால் உண்டாகிறது என்ற கேள்விக்கு இந்த அறிவுரையில் இடமில்லை. அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய ஒருவர், இதே தமிழ்நாட்டில் திருவண்ணாமலையில் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆன்மிக ஞானியாக உலகம் அறிந்த ரமண மகரிஷியின் வரலாற்றில், அவருடன் வாழ்ந்த நாய்களின் பக்கங்கள் போதிய அளவு வாசிக்கப்படவில்லை.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில், சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் வேங்கடராமன். வழக்குரைத்து வாழ்ந்த தந்தை 1892-இல் மறைந்தார். அதன்பின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்த அச்சிறுவனை, 1896 ஜூலையில் மரண அச்சம் ஒன்று திடீரெனப் பற்றியது. உடல் இறந்தால் இறப்பது யார் என்று தன்னுள்ளே தேடிய அந்தச் சில நிமிடங்கள் அவரது வாழ்வின் திசையை மாற்றின. அடுத்த சில வாரங்களில், 16 வயதில், வீட்டைவிட்டுப் புறப்பட்டு, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். பின்னர் அந்த மலையைவிட்டு அவர் நீங்கவே இல்லை.

அங்கு அவருக்குக் கிடைத்த முதல் வரவேற்பு கல்லடி. ஆயிரங்கால் மண்டபத்தில் அசையாமல் அமர்ந்திருந்த இளைஞனைக் கண்ட விளையாட்டுச் சிறுவர்கள் கற்களை வீசினர். அவர்களிடமிருந்து விலகிப் பாதாள லிங்கக் குகையின் இருளுக்குள் சென்றார். அங்கே பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாயின. சேஷாத்திரி சுவாமிகள் தம்மால் இயன்றவரை அவரைக் காத்தார். எதிர்த்துப் பேசாத, ஓடவும் முயலாத ஓர் உயிரின்மேல் காரணமின்றிக் கல் வந்து விழுவது எப்படியிருக்கும் என்பதைத் தம் உடலால் அறிந்தவர் ரமணர். பின்னாளில் தெருநாயையும் குரங்கையும் அவர் நடத்திய முறையை, இந்த அனுபவத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

1899 முதல் 1916 வரை அவர் வாழ்ந்த இடம் மலைமீதுள்ள விரூபாட்ச குகை. அக்காலத்தில் கன்னங்கரிய நாய் ஒன்று தொலைவில் நடமாடுவதை அங்கிருந்தோர் கண்டனர். புதர்களுக்கு மேலே அதன் தலை அவ்வப்போது தெரியும். யாரேனும் நெருங்கினால் மறைந்துவிடும். அதைப் பிடிக்கவோ பழக்கவோ ரமணர் முயலவில்லை. தனித்திருக்க விரும்பும் அதன் இயல்பை மதித்து, அது இருக்கும் இடத்தருகே உணவை வைத்துவிட்டு அகன்றார்கள். நாள்கள் கடந்தன. ஒருநாள் அன்பர்களுடன் அவர் மலையேறிச் செல்கையில், அந்நாய் பாதையில் பாய்ந்து வந்து, கூட்டத்தில் அவரை மட்டும் தேடிக் கண்டு, வாலைக் குழைத்து அவர்மேல் தாவியது. சின்னக் கருப்பன் என்று பெயர் பெற்று, அன்றுமுதல் குகைவாசிகளில் ஒருவனானான்.

ஒருவனானான் என்று எழுதுவது பிழையன்று. நாயையும் பசுவையும் அஃறிணையில் சுட்டும் வழக்கம் ரமணரிடம் இருந்ததில்லை. அவன், அவள் என்றே குறிப்பிடுவார். ஆசிரமத்து நாய்களைப் பையன்கள் என்பார். தனிமை விரும்பியாக இருந்த சின்னக் கருப்பன், பின்னர் வருவோர் எல்லோரிடமும் நட்பு கொண்டான். மடியில் ஏறி அமர்வான். விலக்கினாலும் விடாமல் முயல்வான். ஆயினும், போ என்று ஒரு சொல் சொன்னால், நோன்பேற்ற துறவியைப் போல உடனே பணிந்து செல்வான் என்று பின்னாளில் ரமணர் வியந்து நினைவுகூர்ந்தார். கவனிக்க வேண்டிய இடம் இது. சங்கிலியும் குச்சியும் இல்லாத இடத்தில் கீழ்ப்படிதல் இருந்தது.

அந்தக் கீழ்ப்படிதலை ஒரு குச்சி எவ்வாறு அழித்தது என்பதும் அதே வரலாற்றில் பதிவாகியுள்ளது. குகையருகே வில்வ மரத்தடியில் ஆசாரம் மிக்க ஒருவர் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். நாய் தீண்டினால் தீட்டு என்று கருதுபவர் அவர். சின்னக் கருப்பனோ எல்லோரிடமும் செல்வதுபோல் அவரிடமும் சென்றான். அவர் மனம் நோகக்கூடாது என்று எண்ணிய குகைவாசி ஒருவர் கோலை ஓங்கி நாயை அடித்தார். அது வலுவான அடிகூட இல்லை. சின்னக் கருப்பன் ஓலமிட்டபடி ஓடினான். பிறகு அவன் திரும்பவே இல்லை. எவர் கண்ணிலும் படவும் இல்லை. பல நாள் பொறுமையால் வளர்ந்த நம்பிக்கையைக் குலைக்க ஓர் அடி போதுமானதாக இருந்தது.

எச்சரிக்கைகள் அதற்கு முன்பே வந்திருந்தன. ரமணருக்குப் பல்லாண்டுகள் தொண்டு செய்தவர் பழனிசுவாமி. அவர் ஒருமுறை சின்னக் கருப்பனிடம் கடுமையாக நடந்துகொண்டார். குளிரும் மழையுமாக இருந்த அந்த இரவில், நாய் வெளியேறிச் சற்றுத் தொலைவில் கிடந்த கரிமூட்டையின்மேல் இரவு முழுவதும் கிடந்தது. காலையில் சென்று அழைத்துவர வேண்டியிருந்தது. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன், குகையில் இருந்த ஒரு சிறிய நாயை அவர் கடிந்துகொண்டார். அது நேரே மலையிறங்கி ஓடியது. சற்று நேரத்தில் சங்கு தீர்த்தக் குளத்தில் அதன் உடல் மிதந்தது. அந்தச் சிறிய உயிரின் உள்ளத்தில் என்ன நடந்தது என்பதை எவரும் அறிய முடியாது. ஆனால் ரமணர் அதனை ஏதோ விபத்து என்று கடந்துவிடவில்லை. விலங்குகளுக்கும் தமக்கென அறிவும் நெறியும் உண்டு, அவற்றைக் கடுமையாக நடத்தலாகாது என்று உடனிருந்தோர் அனைவருக்கும் அறிவுறுத்தினார். நாய்க்குப் பாடம் சொல்ல எண்ணியவர்களுக்கு அவர் சொன்ன பாடம் அது. ஒழுங்கு தேவைப்பட்டது நாயிடத்தில் அன்று, மனிதரிடத்தில் என்பதே அதன் பொருள்.

அப்படியானால் எதையும் கண்டிக்காத தளர்வுதான் அவரது முறையா? அன்று. ஆசிரம வாழ்வில் நேரமும் முறையும் வழுவாமல் இருந்தன. உணவு வேளையில் முதலில் நாய்களுக்கும், அடுத்து இரந்து வந்தவர்களுக்கும், இறுதியில் அன்பர்களுக்கும் பரிமாற வேண்டும் என்பது நிலைத்த விதி. தமக்கென்று தனியே எந்த உணவையும் அவர் ஏற்கமாட்டார். பந்தியில் எல்லோருக்கும் வைப்பதே அவருக்கும். விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்கும் வேலையில் பல்லாண்டுகள் தாமும் அமர்ந்தார். உணவு மணி ஒலித்தால் பிறர் எழக் காத்திராமல் எழுந்துவிடுவார். விதியை வகுத்தவர் விதிக்கு முதலில் கட்டுப்பட்ட இடத்தில், மற்றவர்களைக் கட்டுப்படுத்த உரத்த குரல் தேவைப்படவில்லை.

1916 முதல் 1922 வரை அவர் கந்தாசிரமத்தில் வாழ்ந்தபோது, கமலா என்ற பெண்குட்டி அங்கு வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் குட்டிகள் போட்டு இடத்தை நிறைத்துவிடும் என்று அஞ்சி, அங்கிருந்தோர் விரட்டிப் பார்த்தனர். கமலா போகவில்லை. முதல் ஈற்றின்போது அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, தூய்மையான ஓரிடத்தில் குட்டிகளுடன் 10 நாள் இருக்கச் செய்தார்கள். பத்தாம் நாள் புண்ணியாகவாசனமும் விருந்தும் நடந்தன. நம் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் செய்யும் அத்தனை முறையும் அவளுக்கும் செய்யப்பட்டது.

அதைவிட முக்கியமானது, கமலாவுக்கு ஒரு பணி இருந்தது என்பது. மலைக்குப் புதிதாக வந்தவரைச் சுற்றிக்காட்டி அழைத்துவரும்படி ரமணர் அவளிடம் சொல்வார். அவள் முன்னே நடந்து, ஒவ்வொரு சந்நிதியாக, ஒவ்வொரு தீர்த்தமாக நின்று காட்டி அழைத்துவருவாள். பயிற்சி என்று நாம் இன்று சொல்வதன் உட்பொருள் இதுவே: வேளை தவறாத உணவு, மாறாத சொல், ஏற்கத்தக்க ஒரு வேலை, அச்சமின்மை. இந்த நான்கும் இருந்தால் நாய் தானாகவே நெறிப்படுகிறது.

1922 மே 19 அன்று அன்னை அழகம்மாள் மறைந்தார். மலையடிவாரத்தில் அமைந்த அவரது சமாதியைச் சுற்றியே இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது. 1924 ஜூன் 26 இரவு அங்குத் திருடர்கள் புகுந்தனர். கூரைக்குடிலில் பணம் ஏதுமில்லை. எதிர்த்துத் தாக்க எழுந்த அன்பர்களை ரமணர் தடுத்தார். துறவிகளுக்குரிய பொறுமையைக் கைவிடலாகாது என்றார். எல்லோரும் வெளியேற ஆயத்தமானபோது அவருக்கு ஒரு கவலை எழுந்தது. கருப்பன் என்ற நாய் அங்கேயே இருந்தால் திருடர்கள் அதை அடித்துவிடக்கூடும். ஆகவே, அதை முதலில் வேறு குடிலுக்குக் கொண்டுசென்று விடும்படி செய்தார். பின்னர் வெளியே வந்த அவரது இடது தொடையில் திருடர்களின் தடி விழுந்தது. போதாதெனில் மற்ற காலிலும் அடிக்கலாம் என்று அவர்களிடம் கூறினார். ஆபத்து நேரத்தில் தன்னைவிட எளிய உயிரை முதலில் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பவரே தலைவர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த வாழ்க்கையை இன்றைய அறிவியலோடு வைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். நாயை அடக்கி ஆள வேண்டும் என்ற கோட்பாட்டின் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஓநாய் ஆய்வில் உள்ளது. அவர் கண்டவை அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்கள். இடமின்றி நெருக்கப்பட்டவை தமக்குள் மோதி மேலாண்மைக்குப் போட்டியிட்டன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூலின்வழி இக்கருத்து பரவியது. ஆனால், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கண்ட அதே மெக், 1999-இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே. முன்நடப்பவை பெற்றோர், பின்தொடர்பவை பிள்ளைகள். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அடித்தல், கவிழ்த்து அழுத்துதல் போன்ற மோதல் முறைகளுக்கு நாய்கள் பல வேளைகளில் சீற்றத்தையே மறுமொழியாகத் தருகின்றன என்று காட்டியது. சிறிய நாய் ஓயாமல் குரைப்பதும் கடிக்கப் பாய்வதும் ஆணவத்தால் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது அச்சத்தின் குரல்.

நாய்க்கடியும் வெறிநோயும் நாட்டின் பெருங்கவலைகளாகியிருக்கும் காலம் இது. தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லிப் பகுதிக்கு ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 11 நாள்களில் அதை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடப் பணித்தது. வெறிநோய் முற்றினால் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் கருணை பற்றிப் பேச எவருக்கும் எளிதில் வாய் வராது. கமலாவின் காலத்தில் இல்லாத கருத்தடையும் தடுப்பூசியும் இன்று நம்மிடம் உள்ளன. அவற்றைத் தவறாமல் செய்வதும் அன்பின் ஒரு பகுதியே. ஆனால், கடிக்கும் நாய்கள் எல்லாம் தெருவில் பிறந்தவை அல்ல. குட்டியாக வாங்கிச் சங்கிலியில் வளர்த்து, அலுத்ததும் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடப்பட்டவையும் அவற்றில் உண்டு.

ரமணர் 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசுவின் சமாதியும், மான், காகம், நாய் ஆகியவற்றின் சிறு சமாதிகளும் இன்றும் வரிசையாக உள்ளன. சின்னக் கருப்பனுக்கு அங்கே சமாதி இல்லை. ஓர் அடியை வாங்கிக்கொண்டு மலைப்புதருக்குள் மறைந்தவன் அவன்.

இன்று மாலை பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஏதோ ஒரு வீட்டில், ஒரு சிறிய நாய் செருப்பைக் கடித்துவிட்டு எசமானரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். ஓங்கிய கையைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் அந்த ஒரு நொடியில்தான், அந்த வீட்டில் தலைவர் யார் என்பது உறுதியாகிறது.