பாலஸ்தீனத்துக்காகப் பேசியவர், பீரங்கிக்கு ஆர்டரும் பிடித்தவர்: யார் இந்த ஓலோஃப் பால்மே?

1986 மார்ச் 15. சுட்டுக் கொல்லப்பட்ட ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேவுக்கு ஸ்டாக்ஹோமில் இறுதிச்சடங்கு. அஞ்சலி செலுத்த வந்த தலைவர்களில் ராஜிவ் காந்தியும் ஒருவர். அடுத்த ஒன்பதாவது நாள், ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் 155 மி.மீ. பீரங்கிகள் வாங்க இந்தியா கையெழுத்துப் போட்டது. மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய்.

போபர்ஸ்னாலே நமக்கு லஞ்சப் புகார்தான் ஞாபகம் வரும். அதற்கு முன்பே ஸ்வீடனில் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய் ஆயுதக் குறைப்பு பற்றிப் பேசிய மனுஷன், பீரங்கி விற்பனைக்கு ஏன் போய் நின்றார்?

பால்மே 1927இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு. முடித்ததும் லிஃப்ட் கேட்டுக் கேட்டே அந்த நாட்டைச் சுற்றினார். அங்கே பார்த்த வறுமையும் நிறவெறியும்தான் அவரை இடதுசாரிப் பக்கம் தள்ளின. 1968இல் கல்வி அமைச்சராக இருந்தபோதே, வட வியட்நாம் தூதரோடு சேர்ந்து போர் எதிர்ப்புப் பேரணியில் நடந்தார். 1969இல் பிரதமர். 1972இல் ஹனோய் மீது அமெரிக்கா குண்டு போட்டதை நாஜிக் கொடுமைகளோடு ஒப்பிட, அமெரிக்கா தூதரக உறவையே உறைய வைத்தது.

பாலஸ்தீன விஷயத்திலும் அதே துணிச்சல். யாசர் அராஃபத்தைப் பல மேற்கத்திய அரசுகள் பயங்கரவாதி என்று ஒதுக்கிய 1974இலேயே, அல்ஜியர்ஸில் அவரைச் சந்தித்தார். 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்தபோது கடுமையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு, அவருடைய கட்சியின் அழைப்பில் அராஃபத் ஸ்டாக்ஹோமுக்கே வந்தார். இஸ்ரேலின் இருப்பை பால்மே மறுத்ததில்லை. இஸ்ரேல் தொழிலாளர் கட்சியோடு அவருடைய கட்சிக்குப் பழைய நட்பும் உண்டு. அதனால் சொந்தக் கூடாரத்திலேயே இதைச் செய்வது லேசான காரியமாக இருக்கவில்லை.

இனி மறுபக்கம். ஸ்வீடன் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாடாக இருந்தது. அதனால் தனக்கு வேண்டிய ஆயுதங்களில் பெரும்பகுதியைத் தானே செய்தது. சின்ன நாடு என்பதால் உள்நாட்டு ஆர்டர் மட்டும் ஆலைக்குக் கட்டுப்படியாகாது. வெளியே விற்றே ஆகணும். ஆனால் சட்டப்படி ஆயுத ஏற்றுமதிக்குத் தடை. அரசு பார்த்து விலக்கு கொடுத்தால்தான் உண்டு. போர் நடக்கும் இடங்களுக்கு அதுவும் கூடாது. போபர்ஸ் ஆலையை நம்பியே கார்ல்ஸ்கூகா என்ற ஊர் பிழைத்தது. அங்கிருந்த தொழிலாளர்கள் பால்மே கட்சியின் அடித்தளம்.

ஆக, அனுமதி கொடுக்கும் அரசின் தலைவரே ஆர்டரும் பிடித்தார். அணு ஆயுதத்துக்கு எதிரான ஆறு நாடுகள் முயற்சியில் பால்மேவும் ராஜிவும் கூட்டாளிகள். அந்த நட்புக்கு நடுவே பீரங்கியும் பேசப்பட்டது. இடைத்தரகர் கூடாது என்ற ராஜிவின் நிபந்தனையும் பால்மேவிடம் போனது. போட்டியில் இருந்த பிரெஞ்சு பீரங்கி பின்தங்கியது. பால்மே சொந்தமாகப் பணம் வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவர் கணக்கு வேலைவாய்ப்பு.

இதற்கிடையே 1984இல் ஸ்வீடனின் அமைதி அமைப்பு ஒன்று போலீஸில் புகார் கொடுத்தது. போபர்ஸ் ஏவுகணைகள் சிங்கப்பூர் வழியாக துபாய்க்கும் பஹ்ரைனுக்கும் கள்ளத்தனமாகப் போயின என்பது புகார். 1989இல் நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. இன்னொன்று இதைவிட உறுத்தல். ஈரான்-ஈராக் போரில் ஐ.நா. சமரசத் தூதராக அலைந்தவர் பால்மே. அதே போரின்போது போபர்ஸ் வெடிமருந்து சுற்றுவழியில் ஈரானுக்குப் போனது பிறகு தெரியவந்தது. அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற விவாதம் ஸ்வீடனில் இன்னும் ஓயவில்லை.

எதற்கும் அவர் பதில் சொல்ல நேரவில்லை. 1986 பிப்ரவரி 28 இரவு, சினிமா பார்த்துவிட்டு மனைவியோடு நடந்தே வீடு திரும்பினார். கூட ஒரு பாதுகாவலர்கூட இல்லை. நடுரோட்டில் சுட்டுக் கொன்றார்கள். யாருக்கும் தண்டனை உறுதியாகாமலே 2020இல் வழக்கை மூடினார்கள். போபர்ஸ் லஞ்சச் செய்தியை ஸ்வீடன் வானொலி வெளியிட்டது 1987 ஏப்ரலில்.

அவர் விட்ட இடத்திலிருந்து அவருடைய கட்சி தொடர்ந்தது. 1988இல் அராஃபத்தையும் அமெரிக்க யூதப் பிரதிநிதிகளையும் ஸ்டாக்ஹோமில் ஒரே மேசையில் உட்காரவைத்தது. 2014இல் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக ஸ்வீடன் அங்கீகரித்தபோதும் ஆட்சியில் இருந்தது அதே கட்சிதான். அந்தப் பீரங்கிகள் 1999இல் கார்கிலில் முழங்கின. கார்ல்ஸ்கூகாவில் இன்றும் ஆயுத உற்பத்தி நடக்கிறது.