சாமுவேல் ஹாக்கன்

சாமுவேல் ஹாக்கன் (அக்டோபர் 26, 1792 – மே 9, 1884) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி செய்கலைஞர் ஆவார். இவரும் இவரது தமையன் ஜேக்கப் ஹாக்கனும் (1786–1849) மிசௌரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரில் செய்த ரைபிள்கள், ராக்கி மலைப்பகுதி வேட்டைக்காரர்களிடையே பெரும்புகழ் பெற்றன. குழல்வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் வகையைச் சார்ந்தவை அவை.

இளமை

சாமுவேல், மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் ஜெர்மானிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். துப்பாக்கி செய்தல் குடும்பத் தொழிலாகும். ஜேக்கப், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்த அரசின் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றியபின் 1818ல் செயிண்ட் லூயிசில் குடியேறினார். ஒகையோ மாநிலத்தில் சில காலம் தொழில் நடத்திய சாமுவேல், மனைவியை இழந்தபின் 1822ல் அங்கு வந்து சேர்ந்தார். 1825ல் ஜேக்கப்பின் கூட்டாளி இறந்ததும் சகோதரர் இருவரும் ஒரே பட்டறையை நடத்தத் தொடங்கினர்.

ஹாக்கன் ரைபிள்

கிழக்கு மாநிலங்களில் வழக்கில் இருந்த ரைபிள்கள் நீண்டு மெலிந்தவை; சிறு குண்டுகளைச் சுடுபவை. காட்டெருமையையும் பெருங்கரடியையும் எதிர்கொள்ளவும், குதிரைமேல் எடுத்துச் செல்லவும் அவை ஏற்றனவாக இல்லை. ஹாக்கன் சகோதரர்கள் குழலைக் குறுக்கி, கனப்படுத்தி, துளையைப் பெரும்பாலும் அரை அங்குலம் அல்லது அதற்குச் சற்று மிகுதியாக அமைத்தனர். எண்பட்டைக் குழல், அதன் பாதி நீளம் வரை மட்டுமே செல்லும் மேப்பிள் மரக்கட்டை, குழலைக் கட்டையுடன் பிணைக்கும் இரண்டு ஆப்புகள், இரட்டை விசை, பித்தளைக்குப் பதிலாக இரும்புப் பூண்கள் ஆகியன இவற்றின் இயல்புகள். அழகு வேலைப்பாடு மிகக் குறைவு. உழைக்கும் கருவிக்கு அதுவே பொருத்தம் எனலாம்.

கிட் கார்சன், ஜிம் பிரிட்ஜர் முதலிய புகழ்பெற்ற மலைவாசிகள் இவற்றை வைத்திருந்தனர்.

பிற்காலம்

1849ல் செயிண்ட் லூயிசைத் தாக்கிய காலராவில் ஜேக்கப் இறந்தார். சாமுவேல் தனியே தொழிலைத் தொடர்ந்தார். கொலராடோவில் தங்கம் கிடைத்த செய்தி பரவ, 1859ல், அறுபத்தாறாம் வயதில், டென்வர் சென்று அங்கும் கடை திறந்தார். 1861ல் திரும்பினார். மறு ஆண்டு, பட்டறையில் பணிபுரிந்த ஜெர்மானியரான ஜான் ஜெம்மர் அதனை வாங்கினார். சாமுவேல் 91 வயது வரை வாழ்ந்து செயிண்ட் லூயிசில் காலமானார்.

செய்தவரை அடையாளங் காணல்

ஹாக்கன் ரைபிள்களில் வரிசை எண் இல்லை. ஆகவே குழலின் மேற்பட்டையில் உள்ள முத்திரையே முதற்சான்று. சகோதரர் இருவரின் முதலெழுத்துகளும் காணப்பட்டால் அது பொதுவாக 1825க்கும் 1849க்கும் இடைப்பட்டது. சாமுவேலின் முதலெழுத்து மட்டும் இருப்பின் பிந்தையது. சிக்கல் இங்குதான் எழுகின்றது: ஜெம்மரும் பழைய முத்திரையையே தொடர்ந்து பயன்படுத்தினார், அவரது கடை 1915 வரை நடந்தது. மேலும் பட்டறையில் பல தொழிலாளர் இருந்தமையால், முத்திரை பட்டறையைச் சுட்டுமேயன்றி செய்த கையைச் சுட்டாது. சுத்தியல் பொருந்தும் லாக் பகுதி வெளியிலிருந்தும் வாங்கப்பட்டதால், அதில் வேறொரு பெயர் இருப்பது மட்டுமே போலி என்பதற்குச் சான்றாகாது.

முத்திரையைப் போலியாகப் பொறிப்பது எளிது. 1972ல் வெளிவந்த ஜெரமையா ஜான்சன் திரைப்படத்திற்குப் பின் இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு நாட்டம் பெருகியதால் நகல்களும் பெருகின. எனவே ஆப்புகளின் அமைப்பு, குழலின் பின்முனை கட்டையுடன் பொருந்தும் விதம், இரும்புப் பூண்களின் வடிவம் ஆகியவற்றை ஐயமற்ற துப்பாக்கி ஒன்றுடன் ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும். அத்தகைய ஒப்பீட்டிற்கு, மொன்டானா வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் உள்ள பிரிட்ஜரின் துப்பாக்கி ஓர் எடுத்துக்காட்டாகும்.