காணாத பகையை வென்றவர்

பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள அர்புவா என்ற சிற்றூரில், 1831-ஆம் ஆண்டு வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுசென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டனர். அப்படியும் பலர் மடிந்தனர். அவ்வூரில் அப்போது எட்டு வயதுச் சிறுவனாக இருந்தவர், தோல் பதனிடும் தொழிலாளியின் மகனான லூயி பாஸ்டர்.

வேதியியலாளராகத் தொடங்கிய பாஸ்டர், நொதித்தலுக்குக் காரணம் நுண்ணுயிர்களே என்று நிறுவினார். பட்டுப்புழு நோயைக் கட்டுப்படுத்தவும், ஆந்த்ராக்ஸிலிருந்து கால்நடைகளைக் காக்கவும் வழிகண்டார். ஆனால், தம் ஐந்து குழந்தைகளில் மூவரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். 1868-இல் பக்கவாதம் அவரது இடப்பக்கத்தை முடக்கியது. வெறிநாய்க்கடி ஆய்வை அவர் கையிலெடுத்தது 1880-களில்தான்.

இந்நோய்க் கிருமி அக்கால நுண்ணோக்கிக்கு அகப்படவில்லை. நோயின் அறிகுறிகள் மூளையைச் சார்ந்திருப்பதால், கிருமியின் உறைவிடம் நரம்பு மண்டலமே என்று பாஸ்டரும் அவரது உதவியாளர் எமில் ரூவும் கருதினர். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலரவைத்து, கிருமியின் வீரியத்தைக் குறைத்தனர். கடிபட்டதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் பல வாரங்கள் இருப்பதால், அதற்குள் தடுப்பூசி முந்திவிடும் என்பது பாஸ்டரின் கணக்கு.

1885 ஜூலை 6 அன்று, நாய்க்கடிக்கு ஆளான ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசி போடப்பட்டது. பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால், மருத்துவர் கிராஞ்சே அதைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். ஆயினும் அம்முறை நாய்களிடம் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்பதைப் பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் பிற்காலத்தில் வெளிப்படுத்தின. அதே ஆண்டில், கடிபட்டு 37 நாள்கள் கழித்துக் கொண்டுவரப்பட்ட லூயிஸ் பெல்லெத்தியே என்ற சிறுமியைக் காப்பாற்ற முடியவில்லை.

பாஸ்டர் காணாததை இன்றைய ஆய்வாளர்கள் காண்கின்றனர். ஒளிரும் புரதத்தை வைரஸுடன் இணைத்து, உயிருள்ள செல்லுக்குள் அது செல்லும் வழியை நுண்ணோக்கியில் பின்தொடர்கின்றனர். செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் வைரஸ், சிறு பைக்குள் அடைபட்டு உள்ளே இழுக்கப்படுகிறது. பின்னர் நரம்பிழையின் முனையிலிருந்து நரம்பு செல்லின் உடலை நோக்கி, செல்லின் சொந்தப் போக்குவரத்து ஏற்பாட்டையே ஊர்தியாகக் கொண்டு பயணிக்கிறது. மூளையை எட்டி அறிகுறிகள் தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. பாஸ்டர் கணக்கில் கொண்ட கால அவகாசம் இந்தப் பயண நேரம்தான்.

1895 செப்டம்பர் 28-இல் அவர் மறைந்தார். அந்நாளே உலக ரேபிஸ் தினம். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-லேயே தொடங்கப்பட்டது. இருந்தும் உலகில் ஆண்டுதோறும் நிகழும் சுமார் 59,000 ரேபிஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இங்கே குறைபடுவது அறிவியல் அன்று, பங்கீடு. காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்ற செய்தியும், உரிய ஊசிகளும் கடைக்கோடிக் கிராமத்தைச் சென்றடைய வேண்டும். ஒருநாள் கூலியை இழக்க அஞ்சி ஊசியைத் தள்ளிப்போடும் தொழிலாளிக்கு அந்த அவகாசம் வீணாகிறது. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இருப்பை உறுதிசெய்வதும் அரசின் தவிர்க்கவியலாத செலவினங்கள்.