குடியரசின் நாவலர் சிசரோ

உரோமைக் குடியரசைப் பற்றிப் பேசப் புகுவோர் ஜூலியஸ் சீசரின் வீரத்தைப் புகழ்ந்து முடித்துவிடுவதே பெருவழக்காக உள்ளது. சீசரோ அக்குடியரசின் முடிவுக்கு வழிகோலியவர். அது நிலைபெற வேண்டுமென்று நாவாலும் எழுதுகோலாலும் போராடி, அதனோடு தாமும் மாண்டவர் மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ. அவர்தம் வாழ்வையே நாம் ஈண்டுக் காண விழைகிறோம்.

கி.மு. 106ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள், உரோமுக்குத் தென்கிழக்கேயுள்ள அர்ப்பினம் என்னும் ஊரில் சிசரோ பிறந்தார். சிசர் என்பது இலத்தீன் மொழியில் கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லாகும். முன்னோர் ஒருவரின் மூக்கு நுனி கடலையைப் போலப் பிளவுபட்டிருந்தமையால் குடும்பத்திற்கு இப்பெயர் வந்ததென்பர். அரசியலில் இறங்கியபோது பெயரை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர்கள் வேண்டியும் அவர் இசையவில்லை என்று புளூட்டார்க் எழுதுகிறார். குடும்பம் வசதியுடையதே, எனினும் அதில் எவரும் உரோமில் உயர்பதவி வகித்தவரல்லர். அத்தகையோரைப் புதியவர் என்று அந்நகரப் பெருங்குடியினர் சற்று இளக்காரமாகவே அழைத்து வந்தனர்.

படைபலமோ குலப்பெருமையோ இல்லாத அவரை உயர்த்தியது வழக்கு மன்றமே. கி.மு. 70இல், சிசிலித் தீவைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸ் மீது அத்தீவினர் சார்பில் அவர் வழக்குரைத்தார். எதிர்நின்று வாதாடியவர் அந்நாளின் முதன்மை வழக்கறிஞரான ஹோர்ட்டென்சியஸ். சான்றுகள் குவியக் கண்ட வெர்ரெஸ், வழக்கு முடியுமுன்பே உரோமை விட்டு வெளியேறினார். அதன்பின் சிசரோவுக்கு ஏறுமுகம். கி.மு. 63இல் கான்சல் எனும் உச்சப் பதவி அவரை வந்தடைந்தது.

அப்பதவியின் இயல்பை அறிந்தாலன்றிப் பின்வரும் நிகழ்ச்சி விளங்காது. ஆண்டுதோறும் கான்சல்கள் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவரது ஆணையை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்தால் இருவரும் பதவி துறக்க வேண்டும். செனட் எனும் மூதவையில் அக்காலத்தில் ஏறத்தாழ 600 பேர் அமர்ந்து அறிவுரை வழங்கினர். சட்டம் இயற்றுவதும் தேர்தல் நடத்துவதும் மக்கள் அவைகளுக்கு உரியவை. பொதுமக்களின் காவலராகிய டிரிபியூன்கள் பதின்மரும் தடையதிகாரம் பெற்றிருந்தனர். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இதில் இடமில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் குடிமகன் ஒருவனை, மக்களின் ஒப்புதலின்றிக் கொல்லலாகாது என்பது அக்குடியரசு போற்றிய உரிமைகளுள் தலையாயது. கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் அதனைச் சட்டத்தால் மேலும் வலுப்படுத்தியிருந்தார்.

சிசரோ கான்சலாக இருந்த ஆண்டில், தேர்தலில் தோற்ற காட்டிலின் என்பவர் ஆயுதமேந்தி ஆட்சியைக் கைப்பற்றச் சதி செய்தார். சிசரோ அதனைக் கண்டறிந்து மூதவையில் வெளிப்படுத்தினார். காட்டிலின் நகரை விட்டு வெளியேறி வடக்கே தம் படையோடு சேர்ந்தார். நகரில் எஞ்சிய கூட்டாளிகள் ஐவர் பிடிபட்டனர். திசம்பர் 5ஆம் நாள் மூதவை கூடியது. அவர்களின் உடைமைகளைப் பறித்து, வெவ்வேறு ஊர்களில் காவலில் வைக்கலாம் என்றார் சீசர். கேட்டோ மரண தண்டனையை வற்புறுத்தினார். அவை கேட்டோவின் பக்கம் சாய்ந்தது. அன்று மாலையே ஐவரும் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். விசாரணை மன்றமும் இல்லை. மக்களிடம் முறையீடும் இல்லை.

மக்கள் சிசரோவை நாட்டின் தந்தையெனக் கொண்டாடினர். அச்சம் பொய்யன்று, காட்டிலினின் படை வடக்கே நின்றதும் உண்மையே. எனினும் அவ்வைவரும் ஏற்கெனவே காவலில் இருந்தோர். குடிமகனின் உயிரைப் பறிக்கும் நீதியதிகாரம் மூதவைக்கு இருந்ததில்லை. சட்டத்தைக் காக்க வந்தவர் சட்டத்தைத் தாண்டினார் என்றே நாம் கருதுகிறோம். அவரோ தம் வாழ்நாள் முழுதும் அச்செயலைப் பெருமையாகவே பேசினார். கேட்போர் சலிக்குமளவு பேசினார்.

கி.மு. 58இல், டிரிபியூன் குளோடியஸ், விசாரணையின்றிக் குடிமக்களைக் கொன்றோரை நாடுகடத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். சிசரோ நாட்டைவிட்டு வெளியேறினார். அவரது மாளிகை இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் சுதந்திர தேவிக்குக் கோயில் எழுப்பப்பட்டது! மறு ஆண்டே மக்கள் வாக்களித்து அவரைத் திரும்ப அழைத்தனர். ஆனால் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை.

அவ்வோய்வில் விளைந்ததே குடியரசு பற்றிய அவரது நூல். முடியாட்சி, சான்றோராட்சி, மக்களாட்சி மூன்றும் தனித்து நின்றால் கெடும். மூன்றும் கலந்து ஒன்றையொன்று தாங்கினால் நிலைக்கும் என்னும் கருத்தை, கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் வழிநின்று அவர் விளக்கினார். நாடு மக்களின் உடைமை என்பதும் அந்நூலின் அடிப்படை.

கி.மு. 44இல் சீசர் கொல்லப்பட்டபின், அந்தோனியை எதிர்த்துச் சிசரோ பதினான்கு உரைகள் யாத்தார். இளைஞர் ஆக்டேவியனைக் குடியரசின் துணையாக நம்பினார். ஆக்டேவியனோ அந்தோனியோடு கைகோத்தார். விசாரணையின்றிக் கொல்லப்பட வேண்டியோர் பட்டியல் ஒன்று வெளியாயிற்று; அதில் சிசரோவின் பெயரும் இருந்தது. கி.மு. 43 திசம்பர் 7ஆம் நாள், தம் 63ஆம் அகவையில், ஃபோர்மியே அருகே அவர் வெட்டுண்டார். உரைகளை எழுதிய கையும் தலையும், அவர் முழங்கிய மேடையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

அச்சுக்கலை தோன்றியதும் முதலில் அச்சேறிய பழைய இலத்தீன் நூல்களுள், 1465இல் மெயின்ஸ் நகரில் வெளிவந்த அவரது கடமைகள் பற்றிய நூலும் ஒன்று. பிரான்சின் மாண்டெஸ்கியூ அவரைப் போற்றிப் படித்தார். அமெரிக்க அரசியல் சட்டம் உருவான 1787ஆம் ஆண்டில், அதிகாரங்களைப் பிரித்துச் சமன்செய்வது பற்றி எழுதிய ஜான் ஆடம்ஸ், சிசரோவைத் தமக்குச் சான்றாகக் கொண்டார். வியப்பு யாதெனில், குடியரசு பற்றிய நூலின் பெரும்பகுதி அன்று எவர் கையிலும் இல்லை. பிறர் எடுத்தாண்ட பகுதிகளும் இறுதியிலுள்ள கனவுப் பகுதியுமே கிடைத்திருந்தன. 1819இல்தான் வத்திக்கான் நூலகத்தில், ஆஞ்சலோ மாய் என்பார் தோலேடு ஒன்றைக் கண்டார். முன்னெழுத்தை அழித்து, அதன்மேல் புனித அகுஸ்தினாரின் சங்கீத விளக்கவுரையை எழுதியிருந்தனர். மங்கிய அடியெழுத்தில் சிசரோவின் நூல் இருந்தது. அதுவும் முழுமையாக அன்று. பல ஏடுகள் இன்றளவும் கிடைத்தில.