பாலை கடந்த மாணவர்

பாட நூலில் ஓர் ஐயம் எழுந்தால் நாம் அடுத்த அறை நண்பரைக் கேட்போம். ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் அதற்காகப் பல்லாயிரம் மைல் நடந்தார். சீன நாட்டில், லோயாங் நகருக்கு அருகே, 602-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த யுவான் சுவாங் அவர்.

இளமையிலேயே துறவு பூண்டு பௌத்த நூல்களைப் பயின்றார். ஓர் ஆசிரியர் உரைத்த பொருளை மற்றோர் ஆசிரியர் மறுத்தார். மொழிபெயர்ப்புகளும் தம்முள் மாறுபட்டன. மூல நூல்களையே தேடி இந்தியா செல்வதென்று துணிந்தார். நாட்டெல்லையைக் கடக்கலாகாது என்பது அரசாணை. ஆயினும் 629-ஆம் ஆண்டளவில், பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் மேற்கே சென்றார்.

கோபிப் பாலையை எட்டியதும் வழிகாட்டி பிரிந்துவிட்டான். முன்பு பலமுறை அவ்வழி சென்று பழகிய ஒரு கிழட்டுக் குதிரையே துணை. நடுவழியில் தோற்பை கைநழுவி நீர் முழுவதும் மணலில் கொட்டியது. மனம் தளர்ந்து மூன்று மைல் அளவு பின்னோக்கி வந்தார். இந்தியாவை அடையாமல் கீழ்த்திசையில் ஓரடியும் வைப்பதில்லை என்று தாம் பூண்ட உறுதி அப்போது நினைவுக்கு வந்தது. மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு துளி நீரில்லை. இறுதியில் குதிரைதான் மோப்பம் பிடித்து நீர்நிலை சேர்த்தது.

துர்பான் மன்னர் அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள முயன்றார். உண்ணா நோன்பிருந்து விடை பெற்றார் துறவி. மன்னர் ஆட்களையும் பொருளையும் தந்து அனுப்பினார். தியான்ஷான் பனிமலையைக் கடக்க ஏழு நாள் ஆயிற்று. உடன் வந்தோருள் பத்தில் மூவர் நால்வர் குளிரிலும் பசியிலும் மடிந்தனர். பெயர் தெரியாத அவர்களும் இந்தப் பயணத்தின் விலையைக் கொடுத்தவர்களே.

சமர்கண்டு, பாமியான், காசுமீரம் கடந்து நாலந்தாவை அடைந்தார். முதியவரான சீலபத்திரரிடம் பாடம் கேட்டார். அந்தச் சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர், நம் காஞ்சியில் பிறந்தவர்! பின்னர் காடுகளையும் ஆறுகளையும் தாண்டி, 640-ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கே வந்தார் யுவான் சுவாங். அங்குள்ள மக்கள் வாய்மையையும் கல்வியையும் போற்றுவதாக எழுதி வைத்தார். இலங்கையில் குழப்பமும் பஞ்சமும் என்று அங்கிருந்து வந்த துறவியர் கூறவே, கடல் கடக்கும் எண்ணத்தைக் கைவிட்டார்.

திரும்பும் வழியில் சிந்து நதியில் சில சுவடிகள் மூழ்கின. அவற்றின் படிகளை மீண்டும் தேடிப் பெற்றார். 645-இல் 657 நூல்களுடன் தலைநகர் சாங்கான் புகுந்தார். அவர் புறப்பட்டபோது எல்லையை மூடி வைத்திருந்த அதே பேரரசர் இப்போது வரவேற்றுப் பதவி தர முன்வந்தார். அவர் ஏற்கவில்லை. 664-இல் மறையும் வரை பத்தொன்பது ஆண்டுகள் அமர்ந்து எழுபத்தைந்து நூல்களை மொழிபெயர்த்தார். மூலம் அழிந்துபோன சில நூல்கள் இன்று அவருடைய சீன மொழிபெயர்ப்பில்தான் வாழ்கின்றன. மண்ணுள் மறைந்த நாலந்தாவை 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கன்னிங்காம் அடையாளம் காணவும் அவருடைய பயண நூலே துணை செய்தது.

நண்பர்களே, அவர் காலத்துத் துறவி ஹுய்லி எழுதிய வரலாறு, அந்த மூன்று மைல் பின்வாங்கலை மறைக்கவில்லை. வீட்டை விட்டு வெகு தொலைவில் பயிலும் நமக்கும் மனம் தளரும் நாள்கள் உண்டு. அன்று சிறிது தூரம் பின்னே நடந்துவிட்டாலும் குற்றமில்லை. மீண்டும் திரும்பினால் போதும்.