பேராலயம் எழுப்பியவரின் சிற்றாலயம்

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா மாநகருக்குச் செல்வோர் திருக்குடும்பப் பேராலயத்தைக் காணாமல் திரும்புவது அரிது. 'சக்ராதா ஃபமீலியா' என்று அந்நாட்டார் அழைக்கும் அந்த ஆலயத்தின் கோபுரங்களை அண்ணாந்து பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகின்றனர். அதே நகரின் பழைய பகுதியில், குறுகலான சந்துகளுக்கு நடுவே ஒரு சிறிய சதுக்கம் உள்ளது. அதன் ஓரத்தில் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பிலிப் நேரி ஆலயம் அமைதியாக நிற்கிறது. பேராலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி, மாலை வேளைகளில் வழிபடச் சென்றது இந்தச் சிற்றாலயத்துக்குத்தான். அவரது உயிரைப் பறித்த விபத்தும் இங்கு நடந்து வரும் வழியில்தான் நேர்ந்தது.

கட்டலோனியாவின் ரேயுஸ் பகுதியில் 1852 ஜூன் 25-ஆம் நாள் கௌதி பிறந்தார். தந்தை, செப்புப் பாத்திரங்களும் கொதிகலன்களும் செய்யும் கன்னார். சிறு வயதிலேயே மூட்டுவாதம் பற்றிக்கொண்டதால், மற்ற பிள்ளைகளைப்போல ஓடியாட அவரால் இயலவில்லை. செடிகொடிகளையும் நத்தைக் கூடுகளையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதே அவரது பொழுதுபோக்காயிற்று. தட்டையான செப்புத் தகடு தந்தையின் சுத்தியல் அடியில் வளைந்து குடமாவதையும் அவர் கண்டு வளர்ந்தார். பின்னாளில் அவர் எழுப்பிய கட்டடங்களில் நேர்கோடுகள் குறைந்து வளைவுகள் மிகுந்ததற்கு இந்த இளமைப் பருவமே வித்து.

பார்சிலோனாவில் பயின்று 1878-இல் கட்டடக் கலைஞராகத் தேறினார். அந்நாளில் அவர் நேர்த்தியான உடையும் நாகரிகப் பழக்கங்களும் கொண்ட இளைஞர். தொழிலதிபர் யூசேபி குவெல் அவரது திறமையை அடையாளம் கண்டு வாழ்நாள் புரவலரானார். குவெல் பூங்கா, பட்லோ இல்லம், மிலா இல்லம் என அவர் படைத்தவை இன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன.

1882-இல் வேறொரு கலைஞரின் பொறுப்பில் தொடங்கிய திருக்குடும்ப ஆலயப் பணி, மறு ஆண்டே கௌதியிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 31. மக்கள் தரும் காணிக்கையைக் கொண்டு மட்டுமே எழ வேண்டிய ஆலயம் அது. பணம் வந்தால் வேலை நடக்கும், வராவிட்டால் நின்றுவிடும். தம் வாழ்நாளில் அது நிறைவடையாது என்பதை அவர் அறிந்தே இருந்தார். ஆயினும், 43 ஆண்டுகள் அந்தப் பணியைக் கைவிடவில்லை.

அந்தப் பணி அவரையும் மாற்றியது. 1894-ஆம் ஆண்டு தவக்காலத்தில், உயிருக்கே ஆபத்து நேருமளவுக்கு உண்ணா நோன்பிருந்தார். குருவானவர் ஒருவர் வந்து எடுத்துரைத்த பிறகே நோன்பைக் கைவிட்டார். நேர்த்தியான உடைகள் மறைந்து, நைந்த கோட்டும் எளிய உணவுமே அவரது வழக்கமாயின. 1906-இல் தந்தை, 1912-இல் உடன் வசித்த சகோதரி மகள், 1914-இல் நெருங்கிய உதவியாளர் பெரெங்கேர், 1918-இல் குவெல் என அன்புக்குரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு ஆலயமே வீடாயிற்று. கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் படிக்க 1909-இல் ஆலய வளாகத்திலேயே ஒரு பள்ளியைக் கட்டித் தந்தார். நிதி வற்றியபோது, புகழ்பெற்ற அந்தக் கலைஞரே வீடு வீடாகச் சென்று காணிக்கை கேட்டார்.

நாள்தோறும் வேலை முடிந்ததும், கட்டுமானத் தளத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் நடந்து புனித பிலிப் நேரி ஆலயத்துக்குச் செல்வார். அங்கு அவருடைய ஆன்மிக வழிகாட்டியான குருவானவர் இருந்தார். அவரிடம் பாவமன்னிப்புப் பெற்று, சற்று நேரம் மௌனமாக வேண்டிவிட்டுத் திரும்புவார். 16-ஆம் நூற்றாண்டு ரோம் நகரில் ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் தொண்டு புரிந்தவர் பிலிப் நேரி. அந்தப் புனிதரை இவ்வாலயத்துக்காக வரைந்த ஓவியர் யோவான் லிமோனா, முகத்துக்கு மாதிரியாகக் கௌதியையே கொண்டார். தம் முகச்சாயல் கொண்ட புனிதரின் ஓவியங்கள் இருந்த ஆலயத்தில்தான், எவரும் கவனிக்காத முதியவராக அவர் மண்டியிட்டு வந்தார்.

அமைதியை நாடியவர் என்றாலும் அவர் அடிபணிபவர் அல்லர். 1924 செப்டம்பர் 11, கட்டலோனிய மக்களின் தேசிய நாள். 1714-இல் நகரைக் காத்து மடிந்தோருக்கான திருப்பலியில் பங்கேற்க, பழைய நகரின் மற்றொரு ஆலயமான புனித யுஸ்துஸ் ஆலயத்துக்குச் சென்றார். ராணுவ ஆட்சியின் காவலர்கள் வழிமறித்தனர். அவர்களிடம் ஸ்பானிய மொழியில் பேச மறுத்து, தாய்மொழியான கட்டலானிலேயே விடையளித்தார். அதற்காக 72 வயதில் கைதாகிச் சில மணி நேரம் சிறையிருந்து, அபராதம் செலுத்தி வெளியே வந்தார்.

1926 ஜூன் 7, திங்கள்கிழமை மாலை. வழக்கம்போல் புனித பிலிப் நேரி ஆலயத்தை நோக்கி நடந்தவர், கிரான் வியா சாலையைக் கடக்கையில் டிராம் வண்டி மோதி விழுந்தார். நைந்த உடை, பையில் அடையாளச் சான்று ஏதுமில்லை. யாரோ பிச்சைக்காரர் என்று எண்ணியதால் உடனடி உதவி கிட்டவில்லை. பிறகே வாடகைக் காரில் ஏற்றி, ஏழைகளுக்கான திருச்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தனர். மறுநாள் பேராலயத்தின் குருவானவர் தேடி வந்து அடையாளம் காட்டியபோது காலம் கடந்துவிட்டது. ஜூன் 10-ஆம் நாள், ஏழைகள் சாகும் அதே மருத்துவமனையில் அவரும் கண்மூடினார். இரு நாள்கள் கழித்து, அவர் எழுப்பிய பேராலயத்தின் நிலவறையில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் நகரமே திரண்டது. ஐந்து நாள்களுக்கு முன் சாலையில் கிடந்தவரைக் கடந்து சென்றதும் இதே நகரம்தான்.

அவர் மறைந்தபோது பேராலயத்தில் முழுமையடைந்திருந்த மணிக்கோபுரம் ஒன்றே. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவரது வரைபடங்கள் எரிக்கப்பட்டன. மாதிரி வடிவங்கள் நொறுக்கப்பட்டன. எஞ்சிய துண்டுகளை ஒட்டவைத்தே பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். 172.5 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்ட நடுக்கோபுரம்கூட அருகிலுள்ள மோன்சுயிக் குன்றைவிடச் சற்றுத் தாழ்வானது. கடவுள் படைத்ததை மனிதன் கட்டியது விஞ்சலாகாது என்பது கௌதியின் எண்ணம். 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ், புனிதர் நிலைக்கான படிகளில் ஒன்றாக அவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தார். 2026 ஜூன் 10, அவரது நூற்றாண்டு நினைவு நாள்.

போர் சிற்றாலயத்தையும் விட்டுவைக்கவில்லை. 1938 ஜனவரி 30-ஆம் நாள் அந்தச் சதுக்கத்தில் குண்டுகள் விழுந்து 42 பேர் மாண்டனர். ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த குழந்தைகளே அவர்களில் பெரும்பாலோர். குண்டு துளைத்த வடுக்கள் முகப்புச் சுவரில் இன்றும் அழிக்கப்படாமல் உள்ளன. பக்கத்துப் பள்ளியின் பிள்ளைகள் அந்தச் சுவரருகே விளையாடுகிறார்கள்.

ஒரு மனிதரின் பெருமையை அறிய அவர் கட்டியதைப் பார்த்தால் போதும். அவரது உள்ளத்தை அறிய, அவர் நாள்தோறும் நடந்து சென்ற இடத்தையும் பார்க்க வேண்டும். பார்சிலோனா செல்லும் வாய்ப்புப் பெற்றவர்கள், பேராலயத்தைக் கண்டபின் அந்த 3 கிலோமீட்டர் தொலைவையும் நடந்து பார்க்கலாம். அந்த வாய்ப்பு இல்லாதவர்களுக்கும் அந்தப் பாதை சொல்லும் செய்தி ஒன்று உண்டு. நம் ஊர்ச் சாலையோரத்தில் அழுக்கு உடையோடு விழுந்து கிடப்பவரும் எவரோ ஒருவர்தான். அவர் யாரென அறிந்த பிறகே கை நீட்டுவது என்றால், அது அவரது பெயருக்குச் செய்யும் மரியாதை மட்டுமே. உயிருக்குச் செய்யும் உதவி ஆகாது.